கிட் ஸ்டேட்டஸ்: தாமதமும் தவறான நிலையும், ஒரு லட்சம் கோப்பு ரெப்போவைச் சீர்செய்த பதிவு

சென்னை தரமணியில் இயங்கும் ஒரு மின்னூல் பணிக்கூடத்தின் கிட் ரெப்போ இது; கிட் என்பது கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் நிரல், ரெப்போ அதன் களஞ்சியம். ஸ்கேன் செய்த பழைய நூல்களின் எழுத்து வடிவம் அதில் இருக்கிறது: பக்கத்துக்கு ஒரு கோப்பு, நூலுக்கு ஒரு ஃபோல்டர், பெயர்கள் எல்லாம் தமிழில். மெய்ப்புப் பார்ப்பவர்கள் உபுண்டு, மேக், விண்டோஸ் என மூன்று வகைக் கணினிகளில் வேலை செய்கிறார்கள்.

வந்த முறையீடுகள் மூன்று. எந்தக் கோப்புகள் மாறின என்று சொல்லும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்தால் பதில் வரத் தாமதமாகிறது. கிளையின் பெயரைக் காட்டும் டெர்மினல் பிராம்ப்ட்டும் உள்ளுக்குள் ஸ்டேட்டஸைத்தான் கூப்பிடுகிறது. அதனால் வெறும் எண்டர் தட்டினாலும் அதே காத்திருப்பு. அடுத்தது, யாரும் தொடாத கோப்புகள் மாறியவையாகவோ புதியவையாகவோ காட்டப்படுகின்றன. மூன்றாவதுதான் பயமுறுத்தியது: திருத்திய பக்கங்கள் சில, மாறாதவைபோல் அப்படியே நின்றன.

மூன்றுக்கும் வேர் ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரு கோப்பு மாறியதா என்று அறிய கிட் அதைத் திறந்து படிப்பதில்லை. டாட்-கிட் ஃபோல்டருக்குள் இருக்கும் இண்டெக்ஸ் என்ற ஒற்றைக் கோப்பில், ஒவ்வொரு கோப்பைப் பற்றியும் கடைசியாகப் பார்த்தபோது இருந்த அடையாளங்களைக் குறித்து வைத்திருக்கிறது. ஸ்டேட்டஸ் கேட்டதும் இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் எல்-ஸ்டாட் என்ற அழைப்பால் இன்றைய அடையாளங்களை வாங்கி, குறிப்போடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் மாறவில்லை. பொருந்தாவிட்டால் மட்டுமே கோப்பைப் படித்து ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை எண்) போட்டுப் பார்க்கிறது.

குறிப்பில் என்னென்ன இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த அமைப்பையும் தொடக் கூடாது. சிடைம், அதாவது கோப்பின் உள்ளடக்கமோ பண்போ கடைசியாக மாறிய நேரம் (நொடி, நானோநொடி), எம்டைம், அதாவது உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம் (நொடி, நானோநொடி), டிவைஸ் எண், வட்டில் கோப்பின் பதிவெண்ணான ஐநோடு எண், அனுமதிகளைச் சொல்லும் மோடு, உரிமையாளர் எண்ணான யூஐடி, குழு எண்ணான ஜிஐடி, அளவு என்று பத்துப் புலங்கள். தலா 4 பைட், ஆக 40. அதன்பின் உள்ளடக்கத்தின் ஷா-1 ஹாஷ் 20 பைட், கொடிகள் 2 பைட். மொத்தம் 62 பைட். அதை ஒட்டிக் கோப்பின் பாதை. கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளையை டீபக் விருப்பத்தோடு ஓட்டினால், மோடும் ஹாஷும் தவிர இவை ஒவ்வொரு கோப்புக்கும் கண்முன் வரும். ஒரு கோப்பின் நிலை விளங்காதபோது, முதலில் இதையும் ஸ்டாட் கட்டளையின் வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் புலம் வேறுபடுகிறதோ அதுதான் துப்பு.

அளவிடுதல்

நொடிக் கணக்கை நம்பி இறங்க முடியாது. ஒரே கணினியில் இரண்டாம் முறை ஓட்டினாலே நேரம் குறையும், ஏனென்றால் ஐநோடுகள் எல்லாம் கர்னலின் நினைவில் ஏறிவிட்டிருக்கும். மே மாதத்து மாலையில் மின்சாரம் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டு, கணினி மறுபடி எழும்போது அந்த நினைவு காலியாக இருக்கும். முதல் ஸ்டேட்டஸ் வட்டிலிருந்தே எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஆகவே அளவுகோலாக எடுத்துக்கொண்டது நேரத்தை அல்ல, கர்னல் அழைப்புகளின் எண்ணிக்கையை. அது கணினிக்குக் கணினி பெரிதாக மாறாது.

உண்மையான ரெப்போவில் கை வைக்காமல், ஒரு சோதனை ரெப்போ உருவாக்கப்பட்டது: 1,000 ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் 100 கோப்பு, மொத்தம் 1,00,000. ஒரு பாஷ் சுற்றில் இதை எழுதிவிடலாம். எல்லாவற்றையும் கமிட் செய்தபின் (ரெப்போவில் பதிந்தபின்) சில நொடி இடைவெளி விட்டு, ஸ்டேட்டஸை இரண்டு முறை வெறுமனே ஓட்டிவிட்டு, மூன்றாவதை அளக்க வேண்டும். இடைவெளி ஏன் என்பது கீழே வரும்.

அளக்கும் கருவிகள் இரண்டு. ஒன்று ஸ்ட்ரேஸ், சி விருப்பம் எண்ணிக்கைப் பட்டியல் தரும், எஃப் விருப்பம் துணை இழைகளையும் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகளையும்) பின்தொடரும். எஃப் போடாவிட்டால் பெரும்பாலான எல்-ஸ்டாட் அழைப்புகள் கண்ணில் படாது, ஏனென்றால் அவற்றைச் செய்வது துணை இழைகள். புதிய ஜிலிப்சி உள்ள லினக்ஸில் இந்த அழைப்பு நியூ-எஃப்ஸ்டாட்-அட் என்ற பெயரில் வரும்; எல்-ஸ்டாட் வரியே இல்லையே என்று திகைக்க வேண்டாம். மற்றொன்று கிட்டின் சொந்த டிரேஸ்2. கிட்_டிரேஸ்2_பெர்ஃப் என்ற சூழல் மாறியில் ஒரு கோப்பின் முழுப்பாதையைக் கொடுத்துவிட்டு ஸ்டேட்டஸை ஓட்டினால், இண்டெக்ஸைப் படித்தது, அதைப் புதுப்பித்தது, ஒர்க்-ட்ரீயை (வட்டில் விரிந்திருக்கும் கோப்புகளை) ஒப்பிட்டது, புதுக் கோப்புகளைத் தேடியது என ஒவ்வொரு கட்டத்துக்கும் எடுத்த நேரத்தைத் தனித்தனியே எழுதிவைக்கும். எந்தக் கட்டம் தின்கிறது என்று பார்க்காமல் அமைப்புகளை மாற்றுவது இருட்டில் திருகாணி தேடுவது.

சோதனை ரெப்போவில் எதிர்பார்க்க வேண்டிய கணக்கு: தெரிந்த கோப்புகளுக்காகச் சுமார் 1,00,000 எல்-ஸ்டாட், தெரியாத கோப்புகளைத் தேட, வேர் ஃபோல்டரோடு சேர்த்து 1,001 ஃபோல்டரைத் திறந்து படித்தல், ஒவ்வொரு ஃபோல்டரிலும் கிட்-இக்னோர் கோப்பு (பார்க்க வேண்டாதவற்றின் பட்டியல்) இருக்கிறதா என்ற தேடல். இந்த இரண்டு வேலைகளும் இரண்டு தனிக் கேள்விகள். "எனக்குத் தெரிந்தவை மாறினவா?" என்பது ஒன்று. "எனக்குத் தெரியாதவை ஏதும் வந்தனவா?" என்பது மற்றொன்று. அன்ட்ராக்ட்-ஃபைல்ஸ் விருப்பத்துக்கு நோ கொடுத்து ஸ்டேட்டஸை ஓட்டினால் இரண்டாம் கேள்வி விடுபடும். அப்போது நேரம் பாதியாகக் குறைந்தால், சுமையின் பாதி அங்கே என்று பொருள். அதையே நிரந்தர அமைப்பாக வைத்துவிடாதீர்கள். புதிதாகத் தட்டச்சான பக்கத்தை ஆட் செய்ய மறந்தால் நினைவூட்ட ஆளிருக்காது.

தெரியாதவற்றைத் தேடும் வேலை

இதற்கு மருந்து அன்ட்ராக்ட் கேஷ்: ஃபோல்டர்களில் முன்பு கண்டதைக் கிட் வைத்துக்கொள்ளும் குறிப்பு. ஒரு ஃபோல்டரில் கோப்பைச் சேர்த்தாலோ நீக்கினாலோ அந்த ஃபோல்டரின் எம்டைம் மாறும். மாறாவிட்டால் உள்ளே புதுப் பெயர் ஏதும் வந்திருக்காது. திறந்து படிக்கத் தேவையில்லை. 1,001 ஃபோல்டரைத் திறப்பது போய், 1,001 எல்-ஸ்டாட் மட்டும் மிஞ்சும்.

எல்லாக் கோப்பு முறைமைகளும் ஃபோல்டர் எம்டைமை ஒழுங்காகப் பராமரிப்பதில்லை. அதனால் முதலில் கிட் அப்டேட்-இண்டெக்ஸ் கட்டளையின் டெஸ்ட்-அன்ட்ராக்ட்-கேஷ் விருப்பத்தை அந்த ஒர்க்-ட்ரீக்குள் நின்று ஓட்ட வேண்டும். அது தற்காலிக ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, கோப்பு சேர்த்து, நீக்கிப் பார்க்கும். நடுவே நொடிக்கணக்கில் காத்திருக்கும், தொங்கிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். தேறினால் கிட் அமைப்புக் கோப்பின் கோர் பிரிவில் அன்ட்ராக்ட்-கேஷை ட்ரூ ஆக்கலாம். முதல் ஓட்டத்தில் கேஷ் நிரம்பும், பலன் அடுத்த ஓட்டங்களில்தான்.

இங்கே ஒரு பொறி. இந்தக் கேஷ், தான் உருவான ஒர்க்-ட்ரீயின் முழுப்பாதையையும் இயங்குதளத்தின் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறது. அதே ஒர்க்-ட்ரீயை டாக்கர் கன்டெய்னருக்குள் (தனித்து ஓடும் அடைப்புச் சூழலுக்குள்) வேறு பாதையில் ஏற்றி அங்கிருந்தும் ஸ்டேட்டஸ் கேட்டால், 'இந்த முறைமையிலோ இடத்திலோ அன்ட்ராக்ட் கேஷ் முடக்கப்பட்டுள்ளது' என்ற பொருளில் எச்சரிக்கை வரும். எழுத்துரு மாற்றக் கன்டெய்னர் ஒன்று சரியாக இதைத்தான் செய்துகொண்டிருந்தது. வெளியே எந்தப் பாதையோ, உள்ளேயும் அதே பாதையில் ஏற்றியதும் எச்சரிக்கை நின்றது.

தெரிந்தவற்றைச் சோதிக்கும் வேலை

ஒரு லட்சம் எல்-ஸ்டாட்களைக் கிட் ஏற்கனவே பங்கு போட்டுத்தான் செய்கிறது. ப்ரீலோட்-இண்டெக்ஸ் என்ற அமைப்பு 2.1 பதிப்பிலிருந்து தானாகவே இயக்கத்தில் உள்ளது. குறைந்தது 500 கோப்புக்கு ஓர் இழை, அதிகபட்சம் 20 இழை என்பது அதன் கணக்கு. நம் சோதனை ரெப்போவில் 20 இழைகள், இழைக்கு 5,000 கோப்பு. கணினி உள்ளேயே எஸ்எஸ்டி இருந்தால் இதுவே போதும் என்று சொல்லும் அளவுக்கு நன்றாக வேலை செய்யும். ரிச்சி தெருவில் ஓர் எஸ்எஸ்டி வாங்கிப் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவது, வேறு எந்த அமைப்புக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை.

அதற்குமேல் வேண்டுமென்றால், கேட்காமலே சொல்லும் ஆள் வேண்டும்: கோப்பு மாறும்போதே கர்னல் தரும் செய்தியைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளும் பின்னணி நிரலான டீமன். 2018-இல் வந்த 2.16 பதிப்பு இதற்கு எஃப்எஸ்-மானிட்டர் என்ற ஹூக்கை (கிட் தானே அழைக்கும் சிறு நிரலை) தந்தது. 2022-இல் வந்த 2.37 பதிப்பில் டீமன் கிட்டுக்குள்ளேயே சேர்ந்தது, ஆனால் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும். அந்த இரண்டு வகைக் கணினிகளிலும் கோர் பிரிவில் எஃப்எஸ்-மானிட்டரை ட்ரூ ஆக்கினால் வேலை முடிந்தது.

உபுண்டுவில் கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் வாட்ச்மேன் என்ற நிரலை நிறுவி, ஹூக் வழியே இணைக்க வேண்டும். டாட்-கிட்டுக்குள் ஹூக்ஸ் ஃபோல்டரில் எஃப்எஸ்மானிட்டர்-வாட்ச்மேன் என்ற மாதிரி ஹூக் கிடக்கிறது. அதை வேறு பெயரில் நகலெடுத்து, இயக்கும் அனுமதி கொடுத்து, கோர் எஃப்எஸ்-மானிட்டருக்கு அதன் பாதையைக் கொடுங்கள். அது பெர்ல் நிரல். ஜேசன் மாட்யூல் இல்லாத கணினியில் ஹூக் தோற்றுப்போகும், ஸ்டேட்டஸ் மட்டும் பழையபடி மெதுவாக, ஆனால் சரியாக வரும். அதனால் வேலை செய்கிறதா என்பதைக் கண்ணால் ஊகிக்காமல் ஸ்ட்ரேஸில் எண்ணுங்கள். செய்தால், எல்-ஸ்டாட் ஒரு லட்சத்திலிருந்து, மாறிய கோப்புகளின் எண்ணிக்கையை ஒட்டிய அளவுக்குச் சரியும்.

வாட்ச்மேன் லினக்ஸில், கர்னலின் மாற்ற அறிவிப்பு வசதியான ஐநோட்டிஃபையை நம்புகிறது. ஐநோட்டிஃபை உட்ஃபோல்டர்களைத் தானாகப் பார்க்காது. ஃபோல்டருக்கு ஒரு வாட்ச் வேண்டும். ஒரு பயனருக்கு எத்தனை வாட்ச் என்ற வரம்பு பழைய கர்னல்களில் 8,192. அதே கணினியில் கோட் எடிட்டரும் வாட்ச் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. 5.11 கர்னலிலிருந்து வரம்பு கணினியின் நினைவகத்துக்கு ஏற்பத் தானாக உயர்கிறது. பழைய கணினிகளில் சிஸ்கண்ட்ரோல் வழியே மேக்ஸ்-யூசர்-வாட்சஸ் மதிப்பை 5,24,288-க்கு ஏற்றினால் போதும். பயன்படுத்தும் வாட்ச் ஒவ்வொன்றுக்கும் சுமார் ஒரு கிலோபைட் கர்னல் நினைவு போகும்.

சில ஆயிரம் கோப்பு மட்டும் உள்ள ரெப்போவுக்கு இதெல்லாம் வேண்டாம். ஹூக்கைத் தொடங்கும் செலவே எல்-ஸ்டாட்களின் செலவைத் தாண்டிவிடும்.

தமிழ்ப் பெயர்களின் எடை

தமிழ்க் குறியீட்டுப் புள்ளி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். 30 புள்ளி நீளமுள்ள தமிழ்ப் பாதை 90 பைட். அதே நீள ரோமன் பாதை 30. இண்டெக்ஸின் 2-ஆம் வடிவத்தில் 62-உம் 90-உம் சேர்ந்து 152. பாதையின் முடிவில் குறைந்தது ஒரு சுழி பைட் வேண்டும் என்பதால், அதோடு எட்டின் மடங்காக நிரப்பினால் 160. ஒரு லட்சம் கோப்புக்கு 1 கோடியே 60 லட்சம் பைட். ஒரே ஒரு கோப்பின் குறிப்பைப் புதுப்பிக்க வேண்டுமென்றாலும் இந்த முழு 16 மெகாபைட்டும் மீண்டும் எழுதப்படும். முடிவில் மொத்தத்துக்கும் ஷா-1 கணக்கிட்டுக் கடைசி 20 பைட்டில் பதியப்படும்.

இண்டெக்ஸின் 4-ஆம் வடிவம் முந்தைய பாதையோடு பொதுவான முன்பகுதியை மறுபடி எழுதாது, நிரப்பு பைட்டும் இல்லை. நூறு பக்கக் கோப்புகளும் ஒரே நூற்பெயரில் தொடங்கும் இதுபோன்ற ரெப்போவுக்கு அது பொருத்தம். கிட்டின் ஆவணமே பெரிய ரெப்போக்களில் 30 முதல் 50 விழுக்காடு குறையும் என்கிறது. ஃபீச்சர் பிரிவில் மெனி-ஃபைல்ஸை ட்ரூ ஆக்கினால் 4-ஆம் வடிவமும் அன்ட்ராக்ட் கேஷும் சேர்ந்தே வரும். 2.40 முதல் இறுதி ஷா-1-ஐத் தவிர்க்கும் ஸ்கிப்-ஹாஷும் கூட வருகிறது. அங்கே ஒரு கவனம்: 2.13-க்கு முந்தைய கிட் அந்த இண்டெக்ஸைப் படிக்கவே மறுக்கும், 2.40-க்கு முந்தையது எஃப்எஸ்சிகே (ரெப்போவின் பிழைச் சோதனை) ஓட்டினால் பிழை காட்டும். எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு என்று பார்த்தபின் இயக்குங்கள்.

மாறியும் மாறாததுபோல் நின்ற பக்கங்கள்

இந்தப் பதிவில் மிக முக்கியமான பகுதி இது. யாரோ முன்பு வேகத்துக்காகச் செய்த இரண்டு அமைப்புகள் ரெப்போவில் இருந்தன: கோர் டிரஸ்ட்-சிடைம் ஃபால்ஸ், கோர் செக்-ஸ்டாட் மினிமல். இந்த இரண்டும் சேர்ந்தால் ஒப்பிடப்படுபவை எம்டைமின் முழு நொடியும் கோப்பின் அளவும்தான். சிடைம், ஐநோடு, யூஐடி, ஜிஐடி, நானோநொடி எதுவும் கணக்கில் வராது. இந்த அமைப்பு வீணாக வந்ததல்ல. எக்லிப்ஸ் பயன்படுத்தும் ஜேகிட் போன்றவை சில புலங்களில் பயன்படத்தக்க மதிப்பை விட்டுவைப்பதில்லை, அவற்றோடு ஒரே ஒர்க்-ட்ரீயைப் பகிர்பவர்களுக்கு அது உதவும்.

தமிழ் மெய்ப்புக்கு இது ஆபத்து. னகர ணகரத் திருத்தம், லகர ளகரத் திருத்தம், ரகர றகரத் திருத்தம்: மெய்ப்பில் பெரும்பங்கு இவைதான். 'ன' 3 பைட், 'ண' 3 பைட். எத்தனை எழுத்தை மாற்றினாலும் கோப்பின் அளவு ஒரு பைட்கூட மாறாது. அளவு என்ற சாட்சி போய்விட்டது, எஞ்சியது எம்டைம். பணிக்கூடத்தின் தொகுப்புத் திருத்த நிரலோ, ஸ்கேன் தேதி கலையக் கூடாது என்பதற்காகத் திருத்தி முடித்ததும் டச் கட்டளையின் ஆர் விருப்பத்தால் பழைய எம்டைமை மீட்டுவந்தது. அந்தச் சாட்சியும் போயிற்று. சிடைமை அப்படி யாரும் பின்னோக்கித் திருப்ப முடியாது, கர்னல் விடாது. ஆனால் அதைப் பார்க்க வேண்டாம் என்று நாமே சொல்லியிருந்தோம்.

சரிசெய்தது இப்படி. இரண்டு அமைப்புகளையும் நீக்கி, இயல்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டேஜ் செய்தவற்றை (அடுத்த கமிட்டுக்கு எடுத்துவைத்தவற்றை) முதலில் கமிட் செய்துவிட வேண்டும். டாட்-கிட்டுக்குள் உள்ள இண்டெக்ஸ் கோப்பை வேறு பெயரில் ஒதுக்கிவைத்து, கிட் ரீசெட் கொடுத்தால் ஹெட்டிலிருந்து (கடைசிக் கமிட்டிலிருந்து) புது இண்டெக்ஸ் எழும். அதில் அடையாளக் குறிப்பு எதுவும் இராது என்பதால் ஒவ்வொரு கோப்பும் படிக்கப்பட்டு ஹாஷ் ஒப்பிடப்படும். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். தொலைந்த திருத்தங்கள் எல்லாம் மாறியவையாக வரிசையில் வந்து நிற்கும். நிரலில் டச் வரியை நீக்கி, ஸ்கேன் தேதியைக் கோப்பின் தலைப்பகுதியில் எழுத்தாகவே பதிவது நிரந்தரத் தீர்வு. பேக்கப்புக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க்கும் இயல்பாக அளவையும் எம்டைமையும் மட்டுமே பார்க்கிறது. அதே திருத்தங்களைப் பேக்கப்பும் தவறவிட்டிருக்கும். ஒருமுறை செக்சம் விருப்பத்தோடு ஓட்டிச் சரிபாருங்கள்.

இதனோடு ஒட்டியது, முன்பே சொன்ன இடைவெளி விஷயம். கோப்பு எழுதியதும் இண்டெக்ஸ் எழுதியதும் ஒரே கணத்தில் நடந்து, அதே கணத்துக்குள் கோப்பு அளவு மாறாமல் மறுபடி திருத்தப்பட்டால், அடையாளங்கள் பொருந்தும், உள்ளடக்கம் பொருந்தாது. இதைக் கிட் அறிந்தே வைத்திருக்கிறது: கோப்பின் எம்டைம், இண்டெக்ஸின் எம்டைமுக்குச் சமமாகவோ பிந்தியோ இருந்தால் அடையாளத்தை நம்பாமல் உள்ளடக்கத்தையே பார்க்கும். ஆகையால் பாதுகாப்பு உண்டு. விலை, கூடுதல் ஹாஷ். ஒரு லட்சம் கோப்பை எழுதிய கையோடு ஸ்டேட்டஸை அளந்தால் கிடைப்பது இந்த விலையும் சேர்ந்த எண். கிட்டைப் போன்ற இன்னொரு நிரலான மெர்க்யூரியலின் டிர்ஸ்டேட்டும் (அதன் இண்டெக்ஸ்) இதே சிக்கலைச் சந்தித்தது. ஐயத்துக்குரிய எம்டைமைப் பதியாமல் விட்டு, அடுத்த முறை உள்ளடக்கத்தைப் பார்ப்பது அதன் வழி.

தினமும் காலையில் மட்டும் மந்தம்

இயல்பு அமைப்புக்குத் திரும்பியதும் சிடைம் மீண்டும் ஒப்பீட்டுக்கு வந்தது. கூடவே காலை முதல் ஸ்டேட்டஸ் மட்டும் மிக மெதுவானது. அமைப்பை முன்பு யாரோ தளர்த்தியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. இரவுப் பேக்கப், டார் கட்டளையை ஏடைம்-ப்ரிசர்வ் விருப்பத்தோடு ஓட்டியது. அதன் ரீப்ளேஸ் முறை, படித்தபின் பழைய ஏடைமை (கடைசியாகப் படித்த நேரத்தை) திரும்ப எழுதும். அப்படி எழுதுவதே சிடைமை மாற்றிவிடும். விடிந்ததும் ஒரு லட்சம் கோப்பிலும் சிடைம் வேறு, எனவே ஒரு லட்சம் ஹாஷ். அதே விருப்பத்துக்குச் சிஸ்டம் என்ற மதிப்பைக் கொடுத்தால் ஏடைமைத் தொடாமலே படிக்கும், சிடைமும் நகராது. பேக்கப்பைத் திருத்துவதுதான் முறை. சிடைமை நம்பாதே என்று கிட்டிடம் சொல்வது, சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு வழக்கு நடத்துவது.

இன்னொரு நுட்பம்: அடையாளம் மட்டும் மாறி உள்ளடக்கம் மாறாத கோப்பை ஸ்டேட்டஸ் மாறியதாகக் காட்டாது, ஹாஷ் போட்டுத் தெளிந்துகொள்ளும். ஆனால் கிட் டிஃப்-ஃபைல்ஸ் போன்ற அடித்தளக் கட்டளைகள் அப்படித் தெளிந்துகொள்வதில்லை. அவற்றை நேரடியாக நம்பும் நிரல்கள் பொய்யான பட்டியல் தரும். நிரலின் தொடக்கத்தில் கிட் அப்டேட்-இண்டெக்ஸை ரெஃப்ரெஷ் விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டினால் சரியாகும்.

ஸ்டேட்டஸிலேயே தொடாத கோப்பு மாறியதாகத் தெரிந்தால், அநேகமாக வரிமுடிவுக் குறி அல்லது இயக்க அனுமதிதான். விண்டோஸ் கணினி சேர்ந்தபோது கிட்-ஆட்ரிபியூட்ஸில் எழுத்துக் கோப்புகளுக்கு ஈஓஎல் எல்எஃப் என்று எழுதி, கிட் ஆடை ரீநார்மலைஸ் விருப்பத்தோடு ஓட்டி, அதை மட்டும் தனிக் கமிட்டாக இட்டது போதுமானதாக இருந்தது.

பென் டிரைவிலேயே ஒர்க்-ட்ரீயை வைத்து வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுபோகும் வழக்கமும் இருந்தது. ஃபேட்32-இல் எம்டைமின் நுட்பம் 2 நொடி. நேரம் உள்ளூர் நேரமாகப் பதியப்படுகிறது. லினக்ஸில் அதை யூடிசி என்று ஏற்றினால், கோப்பின் நேரம் ஐந்தரை மணி விலகும். எல்எஸ்-ஃபைல்ஸ் டீபக் வெளியீட்டில் எம்டைம் சரியாக 19,800 நொடி வேறுபட்டால் காரணம் இதுதான். பென் டிரைவில் எடுத்துப்போக கிட் பண்டில் உண்டு, ஒரே கோப்பு, கிளையோடு வரும்.

இருந்தும் இல்லாததாகத் தெரிந்த கோப்புகள்

தமிழ்ப் பெயர்களை ஸ்டேட்டஸ் \340\256\225 என்று எண்களாகக் காட்டினால் (இது 'க'), கோர் கோட்-பாத்தை ஃபால்ஸ் ஆக்குங்கள். அது வெறும் காட்சி.

உண்மையான சிக்கல் ஒகர, ஓகார, ஔகாரங்களில். 'கோயில்' என்ற பெயரில் உள்ள 'கோ'வை, க-வும் ஓகாரக் குறியும் என இரண்டு புள்ளிகளாகவும் எழுதலாம். க, ஏகாரக் கொம்பு, கால் என மூன்று புள்ளிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ்-பிளஸ் முறைமை பெயரைப் பிரித்தே சேமிக்கும். கோர் ப்ரீகம்போஸ்-யூனிகோடு ட்ரூ என்றிருந்தால் கிட் அதைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும் கருவிகள் சில, கொம்பையும் காலையும் தனித்தனியே விட்டுவிடுகின்றன. அப்படி வந்த பெயரால்தான் ஒரே பக்கம் நீக்கப்பட்டதாகவும் புதியதாகவும் ஒருசேரத் தெரிந்தது.

பைத்தானின் யூனிகோடு-டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் சார்புக்கு என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்தெழுதும் வடிவம்) என்று கொடுத்து, எல்எஸ்-ஃபைல்ஸ் தரும் ஒவ்வொரு பாதையையும் ஒப்பிட்டு, மாறுபவற்றை கிட் எம்வி மூலம் பெயர் மாற்ற வேண்டும். இதை லினக்ஸ் கணினியில் செய்யுங்கள். மேக் இரண்டு பெயரையும் ஒன்றாகவே பார்ப்பதால் அங்கே குழம்பும். இரண்டு வடிவமும் ஏற்கனவே ரெப்போவில் இருந்தால், எல்எஸ்-ஃபைல்ஸை எஸ் விருப்பத்தோடு ஓட்டி ஹாஷ் ஒப்பிட்டு, ஒன்றேதானா என்று உறுதிசெய்த பிறகே ஒன்றை நீக்க வேண்டும்.

நார்மலைஸுக்கும் பிடிபடாதது ஒன்று உண்டு. 'பௌ' என்பதை ப, எகரக் கொம்பு, ளகரம் என்று தட்டச்சு செய்திருந்தால் அது வேறு எழுத்து; எந்த விதியும் அதை ஔகாரமாக்காது. அவற்றைத் தேடல் கோவையால் பட்டியலிட்டு, ஆள் பார்த்துத்தான் திருத்த வேண்டும். 'பெளத்தம்' பிழை, 'பௌத்தம்' சரி. ஆனால் 'வெளவால்' மட்டுமல்ல 'வெளி'யும் அந்தப் பட்டியலில் வரும், அதைத் தொடக் கூடாது.

செய்யக் கூடாத ஒன்று

அஸ்யூம்-அன்சேஞ்ட் கொடியை மொத்தக் கோப்புகளுக்கும் போட்டு வேகம் கூட்டும் யோசனை அடிக்கடி வருகிறது. அது கிட்டிடம் 'இவற்றை மாற்ற மாட்டேன்' என்று நாம் கொடுக்கும் வாக்கு. வாக்கை மறந்து திருத்தினால் ஸ்டேட்டஸ் மௌனமாக இருக்கும். எல்எஸ்-ஃபைல்ஸை வி விருப்பத்தோடு ஓட்டி, சிறிய எழுத்தில் தொடங்கும் வரிகளைத் தேடினால் பழைய வாக்குகள் வெளிப்படும்; நோ-அஸ்யூம்-அன்சேஞ்ட் கொடுத்து நீக்கிவிடலாம். மெய்ப்பாளருக்குத் தேவை மூன்று நூல்தான் என்றால் ஸ்பார்ஸ்-செக்அவுட்டைக் கோன் முறையில் அமைத்து, அந்த மூன்று ஃபோல்டரை மட்டும் இறக்குங்கள். ஒர்க்-ட்ரீயில் 300 கோப்பு இருந்தால் எல்-ஸ்டாட்டும் 300-ஐ ஒட்டியே இருக்கும்.

ஒர்க்-ட்ரீயை என்எஃப்எஸ் (வலையமைப்புக் கோப்பு முறைமை) வழியே பொதுச் சேமிப்பகத்தில் வைத்திருந்தவர்களுக்கு மேற்கண்ட எதுவும் முழுப் பலன் தராது. அடையாளங்கள் வலையமைப்பு வழியே வர வேண்டும். என்எஃப்எஸ் தன் பண்புக் கேஷில் கோப்பு அடையாளத்தை இயல்பாக 3 முதல் 60 நொடி வரை பழையதாகவே வைத்திருக்கலாம். வேறு கணினி செய்த மாற்றத்தை ஐநோட்டிஃபை சொல்லவே சொல்லாது. சேமிப்பகத்தில் பேர் ரெப்போ (ஒர்க்-ட்ரீ இல்லாத வெறும் ரெப்போ) மட்டும் இருக்கட்டும், ஒர்க்-ட்ரீ அவரவர் எஸ்எஸ்டியில் இருக்கட்டும்.

மின்தடைக்குப் பின் எஞ்சும் இண்டெக்ஸ்-லாக் கோப்பை, கிட் எதுவும் ஓடவில்லை என்று பார்த்த பிறகே நீக்குங்கள். இண்டெக்ஸே பாழாகி 'பேட் சிக்னேச்சர்' வந்தால், மேலே சொன்ன ரீசெட் வழியே மீட்சி. 2.36 முதல் கோர் எஃப்சிங்க்கில் இண்டெக்ஸைச் சேர்த்தால், எழுதியது வட்டில் இறங்கிய பின்னரே பெயர் மாற்றம் நடக்கும். பிராம்ப்ட்டும் எடிட்டரும் பின்னணியில் ஓட்டும் ஸ்டேட்டஸுக்கு நோ-ஆப்ஷனல்-லாக்ஸ் கொடுத்ததும், கமிட் செய்யும்போது வந்துகொண்டிருந்த பூட்டு மோதலும் நின்றது.

கடைசியாக ரெப்போவில் சேர்ந்தது ஒரு ப்ரீ-கமிட் ஹூக்: ஸ்டேஜ் ஆன பெயர்களில் என்எஃப்சி அல்லாதது இருந்தால் கமிட்டைத் தடுத்து, சரியான பெயரை அச்சிடும். ஹூக் ரெப்போவோடு நகலாவதில்லை. அதைக் கருவிகள் ஃபோல்டரில் வைத்து, புதுக் கணினி ஒவ்வொன்றிலும் கோர் ஹூக்ஸ்-பாத்தை அங்கே திருப்ப வேண்டும்.